அக்கரையில் நிற்பவர் கூப்பிட்டால்

வலைப்பதிவு ஆரம்பித்தால் காசு வரும் என்று என் மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. புக்கிட் பெருந்துங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை கதவைச் சாத்தியிருந்த நேரம் அது. அத்தனை வருஷம் குனிந்த தலை நிமிராமல் ஒயர் சொருகியவளுக்கு எழுத்தா வரும்?

"நீ பேசுறதையே எழுதும்மா, போதும் லா," என்றாள். கோலாலம்பூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருக்கிறாள். இணையத்தில் எது ஓடும், எது படுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

எதைப் பற்றி எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். சமையல் என்றேன். "சமையல் எழுதாத அம்மா யாரு? கூட்டத்தோட கோவிந்தா போடாத," என்றாள். கோலசிலாங்கூர் மின்மினிப் பூச்சி என்றேன். அதைப் பார்க்க வருகிறவர்கள் தமிழில் தேடுவதில்லையாம். நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தைப் பற்றி உருகி உருகி ஒன்று எழுதினேன். அதை நானும் அவளும்தான் படித்தோம். அவளும் பாதிதான் படித்திருப்பாள், முழுதாகப் படித்ததாகப் பொய் சொன்னாள்.

அவள் கணக்கு இதுதான்: ஒரே தலைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதைத் தேடுகிறவர்கள் நிறைய இருக்க வேண்டும், எழுதுகிறவர்கள் குறைவாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று எங்கள் லயத்து வாசலிலேயே கிடந்தது. எங்கள் பக்கம் யாராவது காலையில் கனவு கண்டேன் என்று சொன்னால் போதும், கேட்கிறவர் வாயில் முதலில் வருவது "என்ன நம்பர்?" என்பதுதான். பாம்புக்கு ஒரு நம்பர், கல்யாணத்துக்கு ஒன்று, செத்தவர் வந்து சோறு கேட்டால் ஒன்று. லாட்டரி நம்பர் எடுக்கும் கடையில் நிற்கிற பாதிப் பேர் தங்கள் கனவையோ அடுத்த வீட்டுக்காரன் கனவையோ சுமந்துகொண்டுதான் நிற்பார்கள். ஆக, கனவு. மகள் துள்ளிக் குதித்தாள்.

முதலில் நம்பர் போட்டுத்தான் எழுதினேன். ஆனால் கீழே கேள்வி கேட்டவர்கள் நம்பரைக் கேட்கவில்லை. 'அக்கா, இது கெட்டதா?' 'அக்கா, யாருக்காவது ஏதாவது ஆயிடுமா?' என்று கேட்டார்கள். மகள் அதைக் கவனித்துவிட்டாள். "நம்பர விட பயம்தாம்மா ஓடுது. பயத்த எழுது," என்றாள்.

எழுதினேன். புத்தகம் பார்த்து எழுதவில்லை, யாரையும் கேட்டு எழுதவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்க, கைக்கு வந்ததைப் போனில் தட்டினேன். 'பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் எதுவும் நின்றுவிடும். எந்தப் பெரியவர்? நான்தான் அந்தப் பெரியவர்! விளம்பரக் காசில் வீட்டுக்கு அரிசி பருப்பு வந்தது. வலைப்பதிவில் என் பெயரும் கிடையாது, என் முகப் படமும் கிடையாது. என் வீட்டுக்காரரிடம் சமையல் எழுதுவதாகச் சொல்லி வைத்திருந்தேன். மனுஷன் கோயில், குளம், விரதம் என்று இருக்கிறவர். கனவுக்குப் பலன் கற்பனை பண்ணுகிறேன் என்று தெரிந்தால் கோபப்படமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உடம்பு. போன வருஷம் கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. காட்டமாட்டேன் என்று பூட்ஸுக்குள் மறைத்து மறைத்து வைத்திருந்தார். நாற்றம் காட்டிக்கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, விரலை எடுத்தாக வேண்டும், வியாழக்கிழமையே வாருங்கள், தள்ளிப் போட்டால் கால் போகும், அதற்கு மேலும் தள்ளினால் ஆளே போகலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இவர் தலையை ஆட்டினார். வரும் வழியில் எனக்கு ரொட்டி சானாய் கூட வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டை முழுக்க வேர்வை.

"என்னாங்க?"

"நான் போகல."

"எங்க போகல?"

"ஓப்பரேசனுக்கு. அண்ணன் வந்தாரு."

அவருடைய அண்ணன் செத்து வெகு நாளாகிறது. சிலாங்கூர் ஆற்றின் அந்தக் கரையில் நின்றுகொண்டு, வாடா வாடா என்று கையைக் காட்டினாராம். இவர் இறங்கியிருக்கிறார். புண் இருக்கிற கால்தான் முதலில் நனைந்ததாம்.

அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனை என்னிடம் நீட்டினார்.

"இதப் படி. அப்படியே போட்டிருக்கான்."

'அக்கரையில் இறந்தவர் நின்று கூப்பிட்டு, உங்கள் கால் நனைந்துவிட்டால், அந்த மாதத்தில் கத்தி படுகிற காரியம் எதுவும் ஆகாது. போனவர் திரும்புவது அரிது. பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.' என் வரிகள்! வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எழுதியது அது. கையில் கத்தி இருந்ததால் கத்தி என்று எழுதினேன். வெண்டைக்காய்க்குப் பதிலாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் அந்த வரியே வந்திருக்காது, தெரியுமா? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கொல்லைப்பக்கம் போய் அந்தப் பதிவை அழித்தேன். திரும்பி வந்து, "எங்க, மறுபடி காட்டுங்க," என்றேன். தேடினார். என்னுடையது இல்லை. ஆனால் அதே வரிகள் வேறொரு பக்கத்தில் இருந்தன. அதற்குக் கீழே இன்னொன்றில். இன்னொன்றில். பதிவோடு போட நான் பாலத்தின் மேல் நின்று எடுத்த அதே ஆற்றுப் படம் வேறு. எவனெவனோ திருடிப் போட்டிருக்கிறான்! "பாத்தியா, எல்லாருமே இதத்தான் சொல்றாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

மகளுக்குப் போன் போட்டு அழுதேன். அவளும் அழுதாள். "சொல்லிடும்மா. நீதான் எழுதுனேன்னு சொல்லிடு," என்றாள். சொன்னேன். அவர் எதிரில் உட்கார்ந்து, சமையல் இல்லை, கனவுதான் எழுதுகிறேன், அந்த ஆறும் கத்தியும் நான் கட்டிவிட்ட கதை, பச்சைப் பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். சிரித்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோயிலில் பார்க்கிற பார்வை.

"உன்ன எழுத வச்சது யாரு?" என்றார்.

"யாரும் வைக்கல! நானேதான்."

"சாமி வந்து ஆடுறவன், மலையேறுனப்புறம் என்ன சொல்லுவான்? நான் ஒன்னும் சொல்லல, எனக்கு ஒன்னும் தெரியாதும்பான். அப்பதான அது உண்மையான வாக்கு? உன் புருஷனுக்கு வரப்போறத உன் கையாலயே முன்கூட்டி எழுத வச்சிருக்கு. நீ பொய்யிங்கிற. அப்படித்தான் சொல்லுவ."

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நான் பார்க்காததா? தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அந்த மனிதர் பேந்தப் பேந்த விழிப்பார், நானா சொன்னேன் என்பார், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இப்போது நான் எவ்வளவு மறுக்கிறேனோ அவ்வளவுக்கு அவர் நம்பினார். செவ்வாய்க்கிழமை முழுக்கக் கத்தினேன், கெஞ்சினேன், சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அவர் அமைதியாகத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புண்ணுக்குப் பக்கத்து விரலும் கருக்க ஆரம்பித்திருந்தது. இந்த மனுஷனை நானே கொல்லப் போகிறேன், அதுவும் அரிசி பருப்புக்காக, என்று ஒரே பயம்.

புதன்கிழமை காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எனக்குச் சாமி எப்படி வருதுன்னு இன்னைக்கு உக்காந்து பாருங்க. ஒரு சாமான் பேரு சொல்லுங்க."

"என்னா சாமான்?"

"ஏதாச்சும்! வாயில வர்றது."

மேலும் கீழும் பார்த்தார். "ரம்புத்தான்," என்றார்.

"சரி. கனவுல ரம்புத்தான் வந்தா நல்லதா, கெட்டதா? நீங்களே சொல்லுங்க."

"எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? சும்மா சொல்லுங்க!"

"முடி முடியா இருக்கு. அதனால... வீட்டுக்கு மீசக்காரன் ஒருத்தன் வருவான்," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நெத்திலியை இறக்கிவிட்டு, முதுகைச் சொறிந்துகொண்டு, அவர் கண் முன்னாலேயே எழுதினேன். 'கனவில் ரம்புத்தான் பழம் கண்டால், மீசை வைத்த ஒருவர் வீடு தேடி வருவார். அவரால் மனக்கசப்பு உண்டாகும்.' மனக்கசப்பு எதற்கு என்றார். அது இருந்தால்தான் படிப்பார்கள் என்றேன். 'பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்' என்று சேர்த்தேன். "எந்தப் பெரியவரு?" என்றார். "நீங்கதான்," என்றேன். பதிவை ஏற்றினேன்.

சோறு போட்டுச் சாப்பிட்டோம். அவர் தட்டைக் கழுவும்போது என் போன் அடித்தது. பதிவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அவரையே படிக்கச் சொன்னேன்.

'நூத்துக்கு நூறு உண்மை அக்கா. எங்க மாமியார் இந்தக் கனவு கண்டாங்க. மறுநாளே மீச வச்ச ஆளு ஒருத்தர் வந்து குடும்பமே ரெண்டாச்சு. கையெடுத்துக் கும்புடுறேன்.'

அவர் இரண்டு தரம் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. போனைச் சுட்டுவிட்டது போல மேசையில் வைத்தார்.

"இது நான் சொன்னது," என்றார்.

"ஆமா."

"நான் சும்மா சொன்னேன்."

"நானும்தான்."

வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். புண்பட்ட காலை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம். வெயில் ஏறி அவர் தலைமேல் வந்த பிறகு உள்ளே வந்து, "ஆஸ்பத்திரிக்கு எந்தச் சட்ட போடுறது?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும் வரை என்னையே பார்த்தார். நீளமான நடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாய் சாமி பெயரைச் சொன்னது, மனசு அந்த ஆற்றிலேயே நின்றது. நான் எழுதியது பொய்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் பலித்துவிட்டால்? என் பொய்க்கு நானே பயந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் போனில் ஒரு சேதி வந்தது. அம்பாங் பெச்சாவிலிருந்து ஒரு பெண்.

'அக்கா, ஆத்துக் கனவு பத்தி நீங்க போட்டது இப்ப காணோம். வேற எடத்துல படிச்சேன். அம்மாவுக்கு அதே கனவு. அப்பா அக்கரையில நின்னு கூப்புட்டாராம். நெஞ்சுல ஓப்பரேசன் இருக்கு. அம்மா மாட்டேங்குது. என்ன பரிகாரம்?'

அய்யோ! எத்தனை பேர்? இவள் கேட்டுவிட்டாள், கேட்காமல் வீட்டோடு படுத்துவிட்டவர்கள் எத்தனை பேர்? விரல் வழுக்க வழுக்கத் தட்டினேன். 'போகச் சொல்லுங்கள். அது பொய். எழுதியவளே சொல்கிறேன்.' உடனே பதில் வந்தது. 'நீங்க யாரு அப்படிச் சொல்ல? எல்லா எடத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு.' என் கணவர் அதே கனவோடு இப்போது உள்ளே இருக்கிறார் என்று எழுதினேன். 'அவரு வெளிய வரட்டும் அக்கா, பாப்போம்,' என்றாள்.

கதவு திறந்ததும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்னைக் கூப்பிட்டார். இரண்டு விரலை எடுத்திருக்கிறார்கள், கால் தப்பியது, ஆள் நன்றாக இருக்கிறார் என்றார். கட்டிலருகில் போய் நின்றபோது அவர் உதடு காய்ந்து கிடந்தார். கண் திறந்ததும், "அண்ணன் வரல," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த மலாய்க்கார அம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அழுது முடித்து அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். கட்டுப் போட்ட காலைப் படம் எடுத்து அனுப்பு என்றார். அனுப்பினேன். 'இது உங்க வீட்டுக்காரர் காலா, இல்ல எங்கிருந்தாவது எடுத்ததா?' என்று பதில் வந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. என் போன் நம்பரை அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அன்று மாலை வரை, நான் கஞ்சி ஊட்டும்போதும் அவர் கண் போன் மேலேயே இருந்தது.

விளக்குப் போடுகிற நேரத்தில் மணி அடித்தது. தெரியாத நம்பர். நான் எடுப்பதற்குள் அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஹலோ, ஆத்துல எறங்குனவன் பேசறேன்மா," என்றார். "உங்கம்மாகிட்ட போன குடு."