கை வைக்கக் கூடாத மெஷின்

சித்தேரி மலையில் சின்னக்காவைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கிற ஆளைப் பார்க்க முடியாது. அதுதான் அவளைக் கெடுத்தது.

சாமை குத்தியே ஊர்ப் பெண்களுக்குத் தோள்பட்டை போய்விட்டதென்று, லோன் போட்டு, உமி நீக்கும் மெஷின் ஒன்றை அகமதாபாத்திலிருந்து வரவழைத்தாள். வந்த வாரமே அது சாமையை அரிசியாக்காமல் நொய்யாக்கித் தள்ளியது. அரூர் மெக்கானிக் இன்னாசி வந்து பார்த்து, "ரோலர் சரியா உக்காரலைங்க. அரை நாள் வேலை," என்றான். அன்றைக்கே சரி என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கம்பெனிக்காரன் போனையே எடுக்காததில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கேஸ் போட்டாவது அவனிடமே பதிலுக்குப் புது மெஷின் வாங்காமல் விடுவதில்லை என்று தர்மபுரிக்குப் பஸ் ஏறினாள்.

வக்கீல் சிவக்குமார் நல்ல மனுஷர்தான். "மெஷின்தாங்க சாட்சி. கோர்ட்டுல இருந்து கமிஷனர் வந்து பாக்கற வரைக்கும் யாரும் கை வெக்கக்கூடாது. வெச்சா, நீங்கதான் கெடுத்தீங்கன்னு சொல்லிருவாங்க," என்றார்.

அவ்வளவுதான். சின்னக்கா மெஷினைத் தார்ப்பாயால் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். "ஒருக்கா தொறந்து பாக்கலாமே" என்று கேட்ட பாவத்துக்குப் புருஷன் மல்லையனோடு மூன்று நாள் பேசவில்லை. பெண்கள் மறுபடி உலக்கையை எடுத்தார்கள்.

கோர்ட்டில் முதலில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள், கம்பெனி வரவில்லை. பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. கமிஷனர் மலையேறவே இல்லை. நாலாவது வருஷம் உத்தரவு வந்தது. மெஷின் வாங்கும்போது கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ஆர்டர் பாரத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு வரி: தகராறு வந்தால் அகமதாபாத் கோர்ட்டில்தான் தீர்க்க வேண்டும். அதன் கீழே சின்னக்காவின் கையெழுத்து. வக்கீலும் அதைப் பார்த்திருக்கவில்லை. பின்னே எதைப் பார்க்கத்தான் அவர் படித்தாரோ! வழக்கை விசாரிக்காமலே மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அங்க போவ எவ்வளவு நேரமாவுமுங்க?"

"ரயில்ல ரெண்டு நாளுங்க."

"அப்ப இனி மெஷின்ல கை வெக்கலாமுங்களா?"

வக்கீல் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

மறுநாள் இன்னாசி வந்து தார்ப்பாயைப் பிரித்தான். ரோலரை விரலால் சுரண்டிப் பார்த்தான்.

"மலைப் பனி உள்ளயே வேர்த்து எறங்கியிருக்குதுங்க. பேரிங், ரோலர் எல்லாம் துரு. சும்மா தொறந்து வுட்டிருந்தாக்கூடத் தேறியிருக்கும். இறுக்கி மூடுனதுதான் தப்பாப் போச்சு. இனி எடைக்குத்தான் போடணும்."

சின்னக்கா கிட்டே போனாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மெஷின்மேல் கை வைத்தாள்.

"தொட்டா நாந்தான் கெடுத்தேன்னு சொல்லுவாங்கன்னாரு வக்கீலு," என்றாள். "தொடாமயே கெடுத்துட்டேனுங்க."