சுறா எண்ணெய் பூசிய துப்பாக்கிகள்

மண்டபம் சாலையில், கடலுக்குப் பக்கத்தில் இருந்த பொம்மைத் துப்பாக்கிப் பட்டறையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். திருவிழாவில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அந்தக் காற்றுத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு.

துப்பாக்கிக்குள் சுருள்வில்லின் முனையில் ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காற்றை அடைத்துத் தள்ளினால்தான் ரவை பாயும். ஒரு கோடையில் தோல் காய்ந்து விறைத்தது. ரவை காலடியிலேயே விழுந்தது. மிஷின் எண்ணெய் பலிக்கவில்லை. வாஷர் பொருத்துகிறவர் பாலத்துக்கு அந்தப் பக்கத் தீவிலிருந்து வந்த மீனவப் பெண். கணவரின் சிறு படகான வத்தை உடைந்து கரையில் கிடந்ததால், இவர் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. வத்தைக்குப் பூசும் சுறா எண்ணெயைக் கொண்டுவந்து வாஷர்களை அதில் ஊறப்போட்டார். தோல் மெத்தென்று ஆனது. மேற்கே உள்ள பரமக்குடிக் கடைக்காரர் ஒருவர் திருவிழாவுக்குக் கேட்டிருந்த ஒரு டஜனை அனுப்பிவிட்டோம்.

திருவிழாவின் இரண்டாம் நாளே அவர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்னய்யா இது, துப்பாக்கியா, கருவாட்டுக் கூடையா? திருநீறு பூசி வந்தவன் கன்னத்துல வச்சதும் போட்டுட்டு ஓடுறான்!"

முதலாளி ஒன்றை முகர்ந்தார். மூக்குப்பொடி போடும் மூக்கு, ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் நீட்டினார். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான். ஆனால் கரையில் குடியிருந்து வாடை பழகிவிட்டது.

"அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"ஊரே சேந்து நாறுனா யாருக்குத் தெரியும்?" என்றார் கடைக்காரர். "நாளைச் சாயங்காலம் வாரேன். அப்பவும் நாறுச்சுன்னா எனக்கு வேண்டாம்."

முதலாளி அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அவரு வேண்டாம்னா நீயும் வேண்டாம் தாயி."

"நாறாமச் சுடணும், அவ்வளவுதானே மொதலாளி? வெளக்கெண்ணெய் வாங்கித் தாங்க. வயித்தையே எளக்குது, தோலை எளக்காதா?"

பன்னிரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயால் துடைத்தேன். அவர் புது வாஷர்களை விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். மறுநாள் கடைக்காரர் துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்து நெடுநேரம் மூச்சிழுத்தார். பிறகு சுட்டார். பலூன் வெடித்தது.

"இப்பப் பேதிதான் போகும்" என்றபடி சாக்கில் அடுக்கினார்.

தீவின் மாதா கோயில் திருவிழாவுக்குப் போன துப்பாக்கிகளில் சுறா எண்ணெயே இருந்தது. உப்புக்காற்றுக்கு அதுதான் தாங்கும். அங்கே யாரும் குறை சொல்லவில்லை. அதன்பின் அந்தப் பெண்ணின் பலகையில் இரண்டு எண்ணெய்க் கிண்ணங்கள் இருந்தன. ஆர்டர் வந்தால் எத்தனை என்று அவர் கேட்கமாட்டார்.

"மேக்கயா, தீவுக்கா?" என்பார்.