கடைசிச் சுற்றில் வந்த பெயர்

என் தங்கையின் பெயரை அவர்கள் கூப்பிட்டபோது அம்மா குசினியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். அதுவரை எங்களோடுதான் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே எங்க கூப்பிடப் போறாங்க, சாப்பாட்டையாவது பாப்போம்" என்று அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நானும் தங்கையும் இருந்தோம். அவள் நல்ல உயரம், ஹாக்கியில் கோல்கீப்பர். பள்ளிக்கூட அணியில் தொடங்கி, மாநில இளையோர் அணிவரை போனவள். பெண்கள் லீக்கில் அந்த வருடம் டிராப்ட் என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளின் பெயரையெல்லாம் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். கிளப்புகள் வரிசையாக, ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று கூப்பிட்டுக்கொள்ளும். எந்தச் சுற்றில் கூப்பிட்டார்களோ அந்தச் சுற்றுக்கு என்ன பணமோ அதுதான். பேசிக் கூட்ட முடியாது. இரண்டு வருடத்துக்கு மாறாது.

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். லாரி ஓட்டுகிறேன். எதையும் மூன்று தரம் கேட்டால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஏறிவிட்டால் பிறகு அதுவே கவலையாகி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான். தங்கையோடு ஒரே பள்ளியில் ஆடிய பெண், முன்வரிசை ஆட்டக்காரி, முதல் சுற்றிலேயே போய்விட்டாள். வேறு ஊர்க் கிளப் எடுத்துக்கொண்டது. தங்கை கைதட்டினாள்.

"அடுத்தது நீதான் பாரு" என்றேன்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க லா. நீங்க வாயத் தொறக்கறப்பல்லாம் வேற பேரு வருது."

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போதும் வேறு பெயர்தான் வந்தது. கடைசிச் சுற்றில், எங்கள் ஊர்க் கிளப் அவள் பெயரைச் சொன்னது. அவள் கத்தவில்லை. சோபாவில் பிய்ந்திருந்த நூலை அதுவரை இழுத்துக்கொண்டே இருந்தவள், அதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அணியின் மேனேஜர் போன் செய்தார். நம்மவர்தான், ஒரு காலத்தில் தானும் ஆடியவர். தங்கை ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"வாழ்த்துகள் மா. நம்ம ஊருக்கே வந்துட்ட, பாத்தியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, சம்பளம் எப்படி?" என்று குறுக்கே கேட்டேன்.

"மொத ரெண்டு ரவுண்டுக்குத்தான் காஜி தம்பி. இபிஎஃப், சொக்சோ எல்லாம் புடிப்பாங்க. அதுக்குப் பின்னால வர்றவங்களுக்கு எலாவுன். லீக் நடக்குற மாசம் மட்டும்."

மலாயில் காஜி என்றால் சம்பளம், அதில் சேமநிதிக்கும் விபத்துக் காப்புறுதிக்கும் பிடிப்பார்கள். எலாவுன் என்றால் படிக்காசு. எங்களுக்குத் தெரியும். ஆனால் குசினியில் எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே நின்ற அம்மாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னது, ஏலமா? பிள்ளைய ஏலம் விட்டுட்டாங்களா? கோயில்ல அம்மன் சேலைய விடுவாங்களே, அந்த மாதிரியா?"

மேனேஜர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏலமா இருந்தா பரவால்லம்மா. யாராச்சும் கையத் தூக்கி ஏத்தி விடுவாங்க. இது ஏத்த முடியாத ஏலம்."

"கீப்பர எல்லாருமே கடைசியிலதான் எடுப்பாங்க மா" என்றார் மேனேஜர். "ஒரு டீமுக்கு ரெண்டு பேரு போதும் லா. கோல் போடறவளுக்குத்தான் அடிதடி. உன் ஆட்டம் கொறச்சல்னு நெனச்சுக்காத."

"அடிகிடி பட்டா?" இது நான்.

"படாம ஆடச் சொல்லுங்க தம்பி." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு கிளப் குடுக்கும். வீட்டுல கெடக்குற நாளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அதே வாரம் இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலை அவளை டெக்னீஷியன் பயிற்சிக்கு எடுத்திருந்தது. பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை. மருத்துவ அட்டை, போனஸ், எல்லாம் உண்டு. நான் அந்தத் தொழிற்பேட்டைக்குத் தினமும் சரக்கு ஏற்றிப் போகிறவன். அந்தக் கம்பெனியின் வாசலைக் கடக்கும்போதெல்லாம், இவள் இங்கே வந்துவிட்டால் நான் கொஞ்சம் தூங்குவேன் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் பயிற்சி ஷிப்டில் வரும். மாலையில் மைதானத்துக்குப் போகிறவளுக்கு ஒத்துவராது. இரண்டில் ஒன்றுதான்.

"ரெண்டு வருஷம்ணே. நான் மொத கீப்பராயிட்டேன்னா அப்புறம் அவங்களே கூப்ட்டு காஜி போடுவாங்க. ஃபேக்டரி எங்கயும் ஓடிப் போயிடாது."

அம்மா அவள் பக்கம் நின்றார். தங்கை தொழிற்சாலைக்குப் போன் செய்து, நல்ல மலாயில், மிகவும் மரியாதையாக, வரமுடியாது என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

முதல் வருடம் அவள் சொன்னபடியேதான் நடந்தது. மூத்த கீப்பர் பிள்ளைப்பேற்றுக்காக ஒதுங்கிக்கொள்ள, லீக் பாதியில் கோல் இவள் கைக்கு வந்தது. அரையிறுதியில் ஆட்டம் சமனாகி ஷூட்-அவுட்டுக்குப் போனது. எதிரணியில் ஒருத்தி பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக ஓடிவர வேண்டும். தடுக்க கீப்பர் ஒருத்தி மட்டும். எனக்கு அதைப் பார்க்கும் தெம்பு இல்லை. படிக்கட்டுக்குப் பின்னால் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். கடைசியாக வந்தவள் அந்தப் பழைய பள்ளித் தோழிதான் என்று பிறகு சொன்னார்கள். அவளுடைய பந்தையும் தங்கை காலை நீட்டித் தள்ளிவிட்டாளாம்.

ஆட்டம் முடிந்ததும் அந்தத் தோழி ஓடிவந்து இவள் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஏய் எலாவுன்! என் காஜிக்கு வேட்டு வச்சிட்டியேடி!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். காஜி, எலாவுன். தங்கையும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், அந்த வார்த்தையில் எனக்குச் சிரிப்பு வந்தது அதுதான் கடைசி.

லீக் முடிந்தது. எலாவுனும் நின்றது. ஆனால் பயிற்சி நிற்கவில்லை. உடம்பை விட்டுவிட்டால் அடுத்த வருடம் இடம் இல்லை என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். முதல் சுற்றுப் பெண்கள் காலையில் ஓடிவிட்டு, மதியம் தூங்கி, மாலையில் மைதானத்துக்கு வந்தார்கள். இவள் ஏஜெண்ட் மூலமாக பிறையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். தான் வேண்டாம் என்ற அதே தொழிற்பேட்டைதான், இப்போது தினக்கூலி. விடியுமுன் மோட்டார் சைக்கிளோடு பெரிப் படகில் ஏறி அக்கரைக்குப் போவாள். மாலையில் திரும்பி நேராக மைதானம். மழை பெய்தால் நான் லாரியை ஓரம் கட்டிவிட்டுப் போன் செய்வேன். எடுக்கமாட்டாள். மறுபடியும் செய்வேன்.

"அண்ணே, கையுறை போட்டுட்டு வண்டி ஓட்டுறேன், எப்படி எடுக்குறது? நீங்க போன் அடிச்சே என்ன கீழ தள்ளிடுவீங்க போல."

ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிட்டாள். அம்மா அவள் விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருட டிராப்டில் எங்கள் ஊர்க் கிளப் இரண்டாவது சுற்றிலேயே ஒரு கீப்பரை எடுத்தது. ஈப்போப் பெண். வயது பதினெட்டு. அவளை வெறுக்கலாம் என்றுதான் நான் காத்திருந்தேன். தீபாவளிக்குத் தங்கையே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். ஹாஸ்டலில் தனியாக இருக்கிறாள் என்று. அந்தப் பெண் அம்மாவின் முறுக்கை டப்பா காலியாகும்வரை தின்றாள். "அக்காதான் எனக்கு கோல விட்டு எப்ப முன்னுக்கு வரணும்னு சொல்லிக் குடுக்குறாங்க ஆன்டி" என்றாள். இவளை எப்படி வெறுப்பது?

லீக் தொடங்கிய நாளில் கோலில் அந்தப் பெண் நின்றாள். தங்கை ஓரத்துப் பெஞ்சில், கால்தடுப்புகள் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆட்டமும் அப்படியே. அந்தப் பெண் பயந்தாள். பந்து வருமுன் விழுந்தாள். இரண்டு ஆட்டமும் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்திலும் தங்கை பெஞ்சில்தான்.

மைதானத்துக்கு வெளியே ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேனேஜரைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் எனக்கும் ஒரு தேதாரே சொன்னார்.

"ஆட்டத்தப் பாத்தா உங்க தங்கச்சிதான் தம்பி. எனக்குத் தெரியாதா? கோச்சுக்குத் தெரியாதா? ஆனா காஜி வாங்குறவள பெஞ்சுல ஒக்கார வச்சா மேல கேக்குறாங்க. அப்ப எதுக்கு அவள ரெண்டாவது ரவுண்டுல எடுத்தீங்கன்னு கேக்குறாங்க. எலாவுன்காரி பெஞ்சுல இருந்தா யாரும் கேக்குறதில்ல."

"அண்ணே, நீங்கதானே சொன்னீங்க, கீப்பர எல்லாரும் கடைசியிலதான் எடுப்பாங்கன்னு?"

"சொன்னேன்" என்றார். கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். "போன வருஷம் உங்க தங்கச்சி ஆடுனத பாத்துட்டுத்தான், நல்ல கீப்பர முன்னாலயே எடுத்துரணும்னு எல்லா கிளப்புக்கும் புத்தி வந்துச்சு."

தேநீர்க் காசைக்கூட அவரே கொடுத்தார். தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்று வீடுவரை கலங்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அந்த வருடம் முழுக்க அவள் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அதுவும் ஈப்போப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால். பயிற்சிக்கு மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. வீட்டில் ஹாக்கிப் பேச்சு குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. அம்மா ஏதோ வேடிக்கையாக, "இந்த மாசம் ஏலம் வந்துச்சாம்மா?" என்று பழைய மாதிரி கேட்டுவிட்டார். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அம்மா பிறகு அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை.

இரண்டு வருடம் முடிந்ததும் கிளப்பில் அவளை விடுவித்தார்கள். வேண்டுமானால் புதியவர்களோடு சேர்ந்து மறுபடி டிராப்டில் பெயர் கொடுக்கலாம். இந்தத் தடவை நல்ல சுற்றில் போவாய் என்று மேனேஜர் நேரில் வந்து சொன்னார். கட்டாயமாகச் சொல்லமுடியுமா என்று நான் கேட்டேன். முடியாது என்றார்.

அவர் போன பிறகு, இத்தனை நாளும் தொழிற்சாலை தொழிற்சாலை என்று புலம்பிக்கொண்டிருந்த நானே அவளிடம், "குடுத்துப் பாரேன் தங்கச்சி" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கீழே உட்கார்ந்து கால்தடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே. பந்து வந்தா எனக்கு பயமில்ல. மறுபடியும் அந்த சோபாவுல ஒக்காந்து, என் பேரு எப்ப வரும்னு கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"நானும் கூட ஒக்காந்திருப்பேன்ல?"

"அதான்ணே. ஒங்க மூஞ்சிய வேற பாக்கணும்."

சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

டெக்னீஷியன் பயிற்சிக்கு வயது தாண்டிவிட்டது என்று அந்தக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பெட்டி கட்டிய இடத்திலேயே ஆபரேட்டராக நிரந்தரம் ஆக்கிக்கொண்டார்கள். காஜி, இபிஎஃப், சொக்சோ. சில நாள் அவளுடைய மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ணினால் என் லாரியிலேயே கொண்டுபோய் விடுவேன்.

போன மாதம் அப்படி வாசலில் இறக்கிவிட்டபோது, அவள் லைனில் தலைவியாக இருக்கும் அக்கா எதிரே வந்தார். பெரிய வாய்க்காரர், நல்ல மனுஷி.

"ஏய் ஒயரம், கம்பெனி ஸ்போர்ட்ஸ் டே வருது. ஹாக்கி டீமுக்கு ஆள் இல்லாம அலையுறோம். கோல்ல சும்மா நின்னா போதும். வர்றியா?"

நான் கியரில் இருந்த கையை எடுத்தேன். தங்கை என் பக்கம் திரும்பவில்லை. தோளில் பையைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு வெளையாட்டெல்லாம் வராதுக்கா" என்றாள்.

"சும்மா நிக்கக்கூடவா வராது?"

"வராதுக்கா."

அந்த அக்கா ஏதோ சொல்லிச் சிரித்து அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். பின்னால் நின்ற கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் கியரைப் போட்டேன்.