மணி ஒருவர், ஓடு ஒருவர்

அவனும் அவன் சகலையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். சகலை பிளாஸ்டிக் மணிகள் செய்வார். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூற்றுக்கணக்கில் அடுக்கிவிடலாம், அத்தனை சிறிய மணிகள். அவற்றின் மேல் கண்ணாடி ஓடு போர்த்துவது இவன் பாடு. ஓடு போர்த்திய மணிகளைத் தண்ணீரில் கலந்து தகட்டில் ஊற்றி உலரவிட்டால், வரிசை பிசகாமல் அடுக்காக அமர்ந்து, சாயமே இல்லாமல் நிறம் காட்டும். நேரே பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலம். போலி மருந்தைப் பிரித்தறியும் லேபிளுக்காக நிறுவனம் அதைச் செய்துகொண்டிருந்தது.

"அக்கா வீட்டுக்காரர் மணி, தங்கச்சி வீட்டுக்காரர் ஓடு. குடும்பமே ஒரு துகளுக்குள்ள அடக்கம்" என்று மேலாளர் அம்மா கிண்டலடிப்பார்.

அதெல்லாம் பேச்சுவார்த்தை இருந்த காலம். சகலை வீடு மாறியபோது இருவரும் பீரோவை மாடிக்கு ஏற்றினார்கள். படி திரும்பும் இடத்தில் பீரோவின் கதவு நசுங்கியது. இவன் கோணலாகத் தூக்கியதுதான் காரணம் என்றார் அவர். கீழே பிடித்தவனுக்கு மேலே நடப்பது எப்படித் தெரியும் என்றான் இவன். வாய் வளர்ந்து, யார் கல்யாணத்தில் யாரை யார் கவனிக்கவில்லை என்பதுவரை போய், ஒரேயடியாக அறுந்துவிட்டது.

பிறகு மணிப் புட்டி குளிர்பெட்டிக்கு வரும், இவன் எடுத்துக்கொள்வான். சேதி ஏதாவது இருந்தால், தினமும் போனில் பேசும் அக்காளும் தங்கையும் கடத்துவார்கள்.

"அடுத்த புட்டி வியாழக்கிழமைதானாம், அக்கா சொன்னா" என்பாள் மனைவி, காய் நறுக்கியபடியே.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ஓடு பிடிக்காமல் போயிற்று. தகடு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. இவன் ஓடு போர்த்தும் கரைசலில் ஆல்கஹாலை மாற்றினான், அம்மோனியாவை மாற்றினான், சொட்டு விடும் வேகத்தைக் குறைத்தான். மின்நுண்ணோக்கியில் பார்த்தால் மணிகள் வெறும் உடம்போடு கிடந்தன. கண்ணாடி தனியே தூளாகியிருந்தது. மேலாளர் அம்மா இப்போது கிண்டலடிக்கவில்லை. இவன் வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான்.

"என்னதாங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"ஓடு ஒட்டமாட்டேங்குது. எல்லாம் பழைய மாதிரிதான் பண்றேன்."

"ஓ. அந்த சோப்பு இதுக்குத்தானா?"

"எந்த சோப்பு?"

"அத்தான் சோப்பு மாத்திட்டாராம், உங்ககிட்ட சொல்லச் சொன்னாராம். அவருக்கு ஏதோ அரிப்பு போல, அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

இவனுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் செய்யும்போதே ஒருவகைச் சோப்பு சேர்ப்பார்கள். அதைத்தான் மாற்றியிருக்கிறார்.

மறுநாள் காலை நேரே சகலையின் மேசைக்குப் போனான்.

"சோப்பு மாத்தினீங்களா சகலை?"

அவர் தலை நிமிரவில்லை. "மாத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சொல்லி அனுப்பினேனே."

"உங்க சேதி எங்க சமையலறையோட நின்னுபோச்சு. உங்களுக்கு அரிப்புன்னு நெனச்சுட்டா."

"அரிப்பா? எனக்கா?" அவர் உதடு துடித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

பழைய சோப்புக்கே திரும்பச் சொன்னான் இவன். அவர் மின்நுண்ணோக்கிப் படத்தைக் காட்டினார். புதிய சோப்பில் மணிகள் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. ஆனால் அந்தச் சோப்பு மணியின் மேல் விட்டுச்செல்லும் மின்னேற்றம் கண்ணாடிக்கு ஆகாது.

"அப்போ நடுவுல பசை மாதிரி ஏதாவது பூசணும்" என்றான்.

"பூசுங்க. ஓடு உங்க டிபார்ட்மென்ட்."

முதலில் பூசியவை திரிந்த பால்போலக் கட்டி தட்டின. மிச்சப் பசையை நன்றாக அலசியபின் சரிப்பட்டது. தகட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பச்சை ஏறிவந்தது. கூப்பிடாமலே வந்த சகலை, தகட்டைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய விஷயம்.

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீ மட்டும் ஒரே மேசையில் குடிக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது வாடிக்கையாளர் சிவப்பு கேட்கிறார். சிவப்புக்குப் பெரிய மணி வேண்டும். சகலை செய்த முதல் பெரிய மணிகள் ஆளுக்கொரு அளவில் வந்தன.

"அவசரப்படுத்தாதீங்க" என்றார் அவர்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"நிக்கிற நிலையே சொல்லுது."

இவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.