பிளாப்பியில் இருந்த முகம்

மண்சரிவில் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், மொத்தமும் போனது. என் மனைவியைச் சேற்றிலிருந்துதான் தோண்டி எடுத்தோம். கருமாதிக்கு வைக்க அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவளுடைய தகரப் பெட்டிக்குள் ஒரு பிளாப்பி டிஸ்க் மட்டும் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பு பசறையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனபோது, அவளைப் படமெடுத்து அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பதுளையில் எந்தக் கடையிலும் அதைப் போட மெசின் இல்லை. கடைசியில் ஒருவர், பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து நாலைந்து பேர் சம்பளமில்லாமல் நடத்தும் சின்னக் காட்சிக்கூடத்துக்கு வழி சொன்னார்.

அங்கிருந்த பெண் பிளாப்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "உள்ளயும் சேறு இருக்கு அண்ணே. இதப் போட்டா மெசினு கெட்டுரும். எங்ககிட்ட ஓடுறது இது ஒன்னுதாங்க."

"கண்ண மூடுனா சேறு அப்புன மொகந்தான் வருது தங்கச்சி" என்றேன்.

அவள் பிளாப்பியைச் செருகினாள். மெசின் கரகரத்தது. திரையில் மேலிருந்து கோடு கோடாகப் படம் இறங்கியது. கனகாம்பரம். பொட்டு. கண்கள். மூக்கோடு நின்றுவிட்டது. அதன்பிறகு அந்த மெசின் எந்தப் பிளாப்பியையும் படிக்கவில்லை.

நின்ற படத்தைப் போனில் எடுத்துக் கொடுத்தவள், "அவங்க சிரிப்பு வரலியே அண்ணே" என்று அழுதாள். மெசினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பாதி முகத்துக்குத்தான் மாலை போட்டேன். கண்ணை மூடினால் இப்போதும் சேறு வருகிறது. மூக்குக்குக் கீழே மட்டும்.