பாடம் என்று திருத்தினேன்

செல்போனில் தொடர்கதை படிக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் இருக்கும் பழைய நாவல் ஒன்றையும், இப்போது எல்லாரும் விழுந்து விழுந்து படிக்கும் கதை ஒன்றையும் ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பழையதுதான் உசத்தி என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். என் நோக்கம் அவ்வளவுதான்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். டீச்சருக்கு எது பிடிக்குமோ அதையே எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை பொன்னேரியில் ரயில் ஏறி, மீஞ்சூரில் இறங்குவதற்குள் மூன்று நோட்டைத் திருத்தி முடித்தேன்.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒருத்தியின் கட்டுரை மட்டும் வேறு மாதிரி இருந்தது. வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் படித்த பழைய நாவலில் கதாநாயகிக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். கடைசிப் பக்கம் வரை அழுகிறாள். போன் கதையிலும் பிடிக்காத கல்யாணம்தான். மிரட்டித் தாலி கட்டியவனை நாற்பதாவது அத்தியாயத்தில் காதலிக்கத் தொடங்கிவிடுகிறாள். “இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை. புதுக்கதையை என் அக்காவும் படித்தாள். அவளுக்கு நாற்பதாவது அத்தியாயம் இன்னும் வரவில்லை” என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: “அடுத்த பாடு என்னுடையது.”

வாரம் ஒரு மாணவி பாடம் நடத்துவது என் வகுப்பில் வழக்கம். அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, ‘பாடு’ என்பதை அடித்துச் சிவப்பு மையில் ‘பாடம்’ என்று எழுதினேன். பதினொன்றாம் வகுப்பு வந்தும் இந்த லட்சணம் என்று எரிச்சல் வேறு. கடைசிப் பக்கத்தில் எழுத்து அழுந்தி விழுந்து, இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. அதற்கும் சேர்த்து, ‘எழுத்தில் கவனம் தேவை. சொந்தக் கதை வேண்டாம், நடையை ஒப்பிடு’ என்று குறித்துவைத்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய், புதனும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வியாழக்கிழமை, அதே குப்பத்து மாணவி இன்னொருத்தியிடம் நோட்டைக் கொடுத்தனுப்பலாம் என்று நீட்டினேன். அவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“டீச்சர், பாடம் இல்ல. பாடுதான்.”

“பாடுன்னா?”

“ஏரியில எல்லாரும் ஒரே எடத்துல வலை போட முடியாதுல்ல டீச்சர். சீட்டு எடுத்து முறை வெச்சிருப்பாங்க. இன்னிக்கு இவங்க பாடு, நாளைக்கு அவங்க பாடுன்னு சொல்லுவோம்.”

“சரி, இவளுக்கு என்ன முறை?”

அவள் தரையைப் பார்த்தாள். “அவங்க அக்காவுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆச்சு டீச்சர்.”

பதினாறு வயசுப் பெண். நோட்டைத் திரும்ப வாங்கி, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துகொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினேன். குப்பத்துக்குள் நுழைந்ததும், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எந்த வீடு என்று கேட்டேன். ஒருவர் மட்டும் மோவாயால் காட்டினார். அங்கே இரண்டு பேர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய அம்மா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “வாங்க டீச்சர், இன்னா திடீர்னு? அவங்க நைனாகூட ஏரிக்குப் போயிருக்காரு. டீ போடட்டுமா?”

அந்த அம்மாவை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அவள் வந்தாள். விறைப்பான புதுப் புடவை, கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் நோட்டை வைத்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். அவள் அழவில்லை. என்மேல் கோபப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

“அதைப் படிச்சா நீங்க வருவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்,” என்றாள். “மூணு நாளா ரோட்டையே பார்த்துகினு இருந்தேன். நேத்துக் காலையிலதான் ஆச்சு.”