பேச்சுவார்த்தைக்குக் கார் ஓட்டியவர்

தோஹாவில் நான் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஹோட்டலுக்கு, ஆப்கானிஸ்தான் பற்றிப் பேச வந்த தூதர்களைக் காரில் அழைத்து வந்தவர் அவர். அவரும் ஆப்கானியர்தான். நரைத்த தாடி, கசங்காத கோட்டு. காத்திருக்கும் நேரமெல்லாம் ஊரில் இருக்கும் மகளைப் போனில் பாடம் வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்பார். அங்கே அவள் பள்ளிக்கூடம் போகத் தடை.

ஒருநாள் கூட்ட அறையில் மைக்கைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன். இந்தியில் கேட்டார்.

“பாய், பொண்ணுங்க படிப்பைப் பத்தி உள்ள பேசினாங்களா?”

“நான் இருந்தவரைக்கும் பேசல பாய்.”

“எங்க நாட்டுப் பொம்பளைங்க யாராச்சும் உட்கார்ந்திருக்காங்களா?”

“ஒருத்தர்கூட இல்ல.”

தலையாட்டினார். தூதர்கள் வந்ததும் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி, ஏதோ சொல்ல வருபவர்போல ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செய்தியில் அந்த நாட்டின் பெயர் வந்தால் இன்றும் சத்தத்தைக் கூட்டிவைக்கிறேன், அவரிடம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று.